இரவுக் கோர்ட்டில் சிரிப்பு

சிரிக்கத் தகாத இடங்கள் என்று மனிதன் சிலவற்றை ஒதுக்கி வைத்திருக்கிறான். இழவு வீடு, கோயில் கர்ப்பக்கிருகம், ஆபரேஷன் அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரம், கோர்ட். முதல் மூன்றிலும் சிரிப்பு வந்துவிட்டால் வெட்கப்பட்டு அடக்கிக்கொள்கிறோம். அதோடு போயிற்று. கோர்ட்டில் மட்டும் சிரிப்பே ஒரு குற்றமாகிவிடக் கூடும். ஆனால் அதே கோர்ட்டில் ஜட்ஜ் ஒரு ஹாஸ்யம் சொல்லிவிட்டாரானால் எல்லோரும் சிரித்தாக வேண்டும். வக்கீல்கள் முதலில், குமாஸ்தாக்கள் பிறகு, கடைசியாக, விஷயம் புரியாவிட்டாலும், கூண்டில் நிற்பவனும். அவன் அந்தச் சிரிப்பை எங்கிருந்து வரவழைக்கிறான் என்பதை நான் பலமுறை யோசித்ததுண்டு.

யோசனையை மறுபடி கிளப்பியது ஒரு டெலிவிஷன் தொடர். அமெரிக்காவில் என்.பி.ஸி. நிறுவனம் 1984 ஜனவரியிலிருந்து 1992 மே வரை ஒன்பது பருவங்கள் ஒளிபரப்பிய 'நைட் கோர்ட்'. நியூயார்க் நகரின் மன்ஹாட்டனில் இரவில் நடக்கும் கிரிமினல் கோர்ட் ஒன்றுதான் அதன் களம். உருவாக்கியவர் ரைன்ஹோல்ட் வீஜ். அதற்கு முன் 'பார்னி மில்லர்' என்ற போலீஸ் ஸ்டேஷன் ஹாஸ்யத் தொடருக்கு எழுதிக்கொண்டிருந்தவர். நான் பேச எடுத்துக்கொள்வது அதன் மூன்றாவது பருவத்தை. 1985 செப்டம்பரில் தொடங்கி 1986 மே மாதம் முடிந்தது. 22 பகுதிகள். சமீபத்தில் தொடர்ந்து சில இரவுகள் உட்கார்ந்து இவற்றைப் பார்த்து முடித்தேன். வெகுஜன ஹாஸ்யம் ஒன்றைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு நான் சமாதானம் சொல்ல வேண்டும் என்று சில நண்பர்கள் எதிர்பார்க்கலாம். சொல்லப் போவதில்லை. ஒரு தார்மீகப் பிரச்னை எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது.

பிரச்னை இதுதான். ஒருவனுடைய சுதந்திரம் பறிபோகக் கூடிய ஓர் அறையை வைத்துக்கொண்டு சிரிப்பது நியாயமா? நியாயம் என்றால், யாருடைய செலவில்?

தொடரின் ஜட்ஜ் ஹாரி ஸ்டோன் முப்பத்து நான்கு வயதுக்காரன். ஜீன்ஸ் மேல் கறுப்பு அங்கி போட்டுக்கொள்கிறவன். சீட்டு வித்தை காட்டுவான். மெல் டோர்மே என்ற பாடகனிடம் பக்தி. அவன் ஜட்ஜ் ஆன கதை முதல் பகுதியிலேயே வருகிறது. பதவியை விட்டுப் போகும் மேயர் கடைசி நாளில் நியமனங்களைச் செய்கிறார், நாள் ஞாயிற்றுக்கிழமை, பட்டியலில் இருந்தவர்களுக்குள் போன் செய்தபோது வீட்டில் இருந்தவன் ஹாரி ஒருவன்தான். தகுதிப் பட்டியலின் கடைசியில் இருந்தவன், வெளியே போக இடமில்லாததால் நீதிபதி ஆகிறான். நடித்தவர் ஹாரி ஆண்டர்சன். இளமையில் ஸான் பிரான்சிஸ்கோத் தெருக்களில் கிண்ணத்துக்கு அடியில் பண்டத்தை மறைத்துப் பந்தயம் கட்டவைக்கும் வித்தை செய்து பிழைத்தவர். ஏமாந்த ஒருவன் அடித்ததில் தாடை உடைந்ததாகவும் சொல்வார்கள். இரவுக் கோர்ட்டில் கைதியாகக் கொண்டுவரப்பட்டிருக்கக் கூடிய ஒருவரை நீதி பீடத்தில் உட்கார்த்தி வைத்தது தற்செயலாகத்தான் இருக்கும். ஆனால் தொடரின் மொத்தக் குணமும் அதில் இருக்கிறது.

எனவே முதல் பார்வைக்கு இங்கே சிரிப்பு மேலிருந்து கீழே இறங்குவதில்லை. ஜட்ஜே கேலிக்குரியவன். பிராசிக்யூட்டர் டான் பீல்டிங் காமமும் பேராசையும் தற்பெருமையும் ஒன்றாகத் திரண்டவன். கோர்ட் சேவகன் புல் ஷானன் ஆறடிக்கு மேல் வளர்ந்த மொட்டைத் தலைக் குழந்தை. குற்றம் சாட்டப்பட்டவனைவிட அவனைச் சுற்றி நிற்பவர்கள்தான் விசித்திரமானவர்கள். அதிகாரத்தைச் சிரிப்பது பழைய தர்மம். கி.மு. 422ல் அரிஸ்டாபனீஸ் 'குளவிகள்' எழுதியபோது செய்ததும் இதுதான். தீர்ப்புச் சொல்லும் போதை தலைக்கேறிய ஒரு கிழவன். கோர்ட்டுக்குப் போகவிடாமல் மகன் அவனை வீட்டில் அடைத்துவைக்கிறான். போதை தெளிய வீட்டுக்குள்ளேயே ஒரு கோர்ட் ஏற்பாடு செய்து, பாலாடைக்கட்டி திருடிய நாயை விசாரணைக்குக் கொண்டுவருகிறான். நாயின் குட்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி ஊளையிட வைக்கிறார்கள், ஏதென்ஸில் குற்றவாளிகள் தங்கள் குழந்தைகளை அழவைத்துக் கருணை தேடியதைப் போல. வாழ்நாளில் ஒருவரையும் விடுதலை செய்திராத கிழவன், மகன் செய்த சூழ்ச்சியால் ஓட்டை மாற்றிப் போட்டுவிடுகிறான். நாய்க்கு விடுதலை. கிழவனுக்கு மயக்கம்.

இந்த நாடகத்தில் சிரிக்கப்படுகிறவன் நீதிபதி. நாய் இல்லை. நாய் நிஜத்தில் ஒரு தளபதிக்கு மாற்று என்று படித்தவர்கள் சொல்வார்கள். அது வேறு விவகாரம். 'நைட் கோர்ட்'டை இதே வரிசையில் வைத்து, அதிகாரத்தின் கௌரவத்தைக் குலைக்கும் ஆரோக்கியமான கலகம் என்று முடித்துவிடலாமா? முடித்துவிடலாம் என்றுதான் நான் முதல் சில இரவுகள் நினைத்தேன்.

தொல்காப்பியர் நகைக்கு நான்கு பிறப்பிடம் சொன்னார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். மெய்ப்பாட்டியலை அமெரிக்க டெலிவிஷனுக்குப் போட்டுப் பார்ப்பதற்குப் பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் ஆச்சரியமாகப் பொருந்துகிறது. ஹாரியின் சிரிப்பு இளமையில் பிறப்பது. புல்லுடையது பேதைமையில். கிறிஸ்டின் ஸல்லிவன், ஏழைகளுக்காக அரசுச் செலவில் வாதாடும் வக்கீல், மார்க்கி போஸ்ட் நடித்தது, இந்தப் பருவத்திலிருந்து நிரந்தரமாக வருகிறாள். சொல்வதையெல்லாம் நம்பிவிடும் அவளுடைய குணத்தை மடனில் சேர்க்கலாம். எள்ளல் முழுவதும் டானுக்கு. ஜான் லாரக்கெட் இந்த டானாக நடித்து 1985 முதல் 1988 வரை தொடர்ந்து நான்கு வருஷங்கள் எம்மி பரிசு வாங்கினார். அதற்கு மேல் தன்னைப் பரிசீலிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

டான் எதற்காக அவ்வளவு தேவைப்பட்டான் என்று பார்க்க வேண்டும். அந்த அறையில் நிற்கும் குடிகாரனையும் வேசியையும் திருடனையும் பார்த்து நமக்குள் எழும் இளக்காரம் ஒன்றிருக்கிறதே, அதை டான் வாங்கிக்கொள்கிறான். அவன் அவர்களை எள்ளுகிறான். நாம் அவனை எள்ளுகிறோம். நம்முடைய எள்ளல் இப்படி ஒரு கை மாறிப் போய்ச் சுத்தமாகிவிடுகிறது. ஹாப்ஸ் சிரிப்பைப் பற்றிச் சொன்னதன் சாரம், பிறன் தாழ்ச்சியைப் பார்த்ததும் திடீரென்று நமக்குள் உயரும் ஒரு பெருமிதம் அது என்பது. டானை வைத்துக்கொண்டால் அந்தப் பெருமிதத்தையும் அனுபவிக்கலாம், அதற்காகக் குற்ற உணர்ச்சியும் வேண்டியதில்லை. இது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. கலை என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் வெறும் தந்திரம் என்றும் தள்ளிவிட மனம் வரவில்லை, லாரக்கெட்டின் முகத்தில் சில கணங்களில் தெரியும் சுயவெறுப்பு அப்படிப்பட்டது.

இனி குற்றவாளிகளுக்கு வருவோம். ஹாரியின் வழக்கமான தீர்ப்பு ஒன்று உண்டு. ஐம்பது டாலர் அபராதம், இதுவரை உள்ளே இருந்ததே தண்டனை. இதைக் கேட்டதும் அரங்கத்தில் ஒரு நிம்மதி. தொடர் கலிபோர்னியாவில் ஒரு ஸ்டூடியோவில் ஜனங்களை உட்கார்த்திவைத்து எடுக்கப்பட்டது. சிரித்தவர்கள் நியூயார்க்கிலிருந்து மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தவர்கள். அவர்களுக்கு ஐம்பது டாலர் என்பது தண்டனை இல்லாததற்குச் சமம். ஆள் போய்விட்டான், அடுத்த கேஸ்.

நிஜமான இரவுக் கோர்ட் மன்ஹாட்டனில் சென்டர் தெரு நூறாம் எண் கட்டடத்தில் நடக்கிறது. மாலை 5 மணியிலிருந்து இரவு 1 மணி வரை. கைதானவனை முதல்முறையாக ஜட்ஜ் முன் நிறுத்திக் குற்றச்சாட்டைச் சொல்லி, ஜாமீனா ரிமாண்டா என்று முடிவு செய்யும் இடம். குற்றம் செய்தானா இல்லையா என்ற விசாரணையே அங்கே கிடையாது. இந்த ஏற்பாடு பிறந்தது கருணையில்தான் என்பதை மறக்கக் கூடாது. 1907ல் ஜெபர்ஸன் மார்க்கெட் கோர்ட்டில் இரவு அமர்வு தொடங்கியதற்குக் காரணம், மாலையில் கைதானவர்கள் காலை வரை லாக்கப்பில் கிடந்ததும், அந்த இரவை வைத்து ஜாமீன் தரகர்களும் போலீசும் பணம் பண்ணியதும். ஒருவனுடைய ஒரு இரவை மீட்டுக் கொடுக்க வந்த கோர்ட் அது. 1910ல் பெண்களுக்குத் தனியாக ஓர் இரவுக் கோர்ட் வந்தது. வந்ததும் என்ன நடந்தது? சாப்பாடு முடித்துவிட்டு நல்ல உடை உடுத்திக்கொண்டு, பிடித்து வரப்பட்ட பெண்களைப் பார்க்க ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். டெலிவிஷனுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே இரவுக் கோர்ட் ஒரு பொழுதுபோக்கு. வீஜ் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, காமிராவைக் கொண்டுபோய் வைத்தார்.

'இதுவரை உள்ளே இருந்ததே தண்டனை' என்ற சொற்றொடரைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். குற்றம் நிரூபணமாவதற்கு முன்பே அனுபவிக்கப்பட்டுவிட்ட தண்டனை அது. தீர்ப்பு பின்னால் வந்து அதற்கு ஒரு பெயர் வைக்கிறது. மால்கம் பீலி என்பவர் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் கீழ்க் கோர்ட் ஒன்றை ஆராய்ந்து 1979ல் ஒரு நூல் வெளியிட்டார். வழக்கு நடக்கும் விதமே அங்கே தண்டனை என்பது அவர் கண்டது. வேலைக்குப் போகாமல் நின்ற நாட்கள், ஜாமீனுக்குப் புரட்டிய பணம், தரகனுக்குக் கொடுத்தது, வாய்தாவுக்கு வாய்தா வந்து காத்திருந்தது, இவை கடைசியில் கிடைக்கக் கூடிய அபராதத்தைவிடப் பெரியவை. ஆகவே குற்றவாளி என்று ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போவதே லாபம். அவர் எடுத்துக்கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேஸ்களில் ஒன்று கூட முழு விசாரணை வரை போகவில்லை. ஹாரியின் கூண்டில் நின்று ஐம்பது டாலரோடு வெளியேறுகிற வேடிக்கை மனிதன், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுப் போகிறவனாகவும் இருக்கலாம் என்ற சந்தேகம் தொடரின் 22 பகுதிகளில் எங்கும் எனக்குப் படவில்லை.

நியூயார்க்கில் கைதானவனை 24 மணி நேரத்துக்குள் ஜட்ஜ் முன் நிறுத்த வேண்டும் என்பதே 1991ல்தான் அந்த மாநிலத்தின் உச்ச அப்பீல் கோர்ட்டால் உறுதியாயிற்று. ஹாரி சீட்டு வித்தை காட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் அந்தக் கெடுவைத் தாண்டிக் கிடப்பது சகஜம். பின்னாலும் என்ன பெரிதாக மாறிவிட்டது? 2010ல் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு முதுகுப்பையைத் திருடினான் என்று பிடிபட்ட பதினாறு வயதுக் கறுப்புப் பையன், ஜாமீன் பணம் மூவாயிரம் டாலர் கட்ட முடியாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறைக்குப் போனான். ஒப்புக்கொள்ள மறுத்தான். விசாரணையே நடக்காமல் மூன்று வருஷங்கள், அதில் பெரும்பகுதி தனிமைச் சிறை. 2013ல் கேஸைக் கைவிட்டு அனுப்பினார்கள். 2015ல் தற்கொலை செய்துகொண்டான். சிறு குற்றங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பண ஜாமீனை நீக்கும் சட்டம் நியூயார்க்கில் 2019ல் நிறைவேறியபோது அவன் பெயர்தான் அடிக்கடி சொல்லப்பட்டது.

இதையெல்லாம் ஒரு ஹாஸ்யத் தொடர் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அப்படி எதிர்பார்ப்பது இலக்கியத்திடம் பிரகடனம் கேட்பவர்களின் குணம். அவர்களோடு எனக்கு உறவில்லை. தவிரவும், காலத்தை வைத்துப் பார்த்தால் இந்தத் தொடருக்கு ஒரு தைரியம் இருந்தது. 1984 டிசம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு வெள்ளையர், தன்னிடம் பணம் கேட்ட நான்கு கறுப்பு இளைஞர்களைச் சுட்டார். நகரத்தில் பாதி அவரை வீரர் என்று கொண்டாடியது. 1987ல் ஜூரி அவரைக் கொலை முயற்சியிலிருந்து விடுவித்து, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டித்தது. தெருவில் திரிகிறவன் எவனும் சுடப்பட வேண்டியவன் என்ற மனநிலை பரவியிருந்த பருவம் அது. அந்த நேரத்தில் வாரா வாரம் வியாழக்கிழமை இரவு, கூண்டுக்கு வருகிறவன் மனிதன்தான், கொஞ்சம் கிறுக்கு, அவ்வளவே, வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான் ஹாரி. அதற்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் ஹாரியின் கருணையும் கேள்விக்குரியதுதான். கருணை அவனுடைய சுபாவம்; அது எந்த விதியிலிருந்தும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேறொருவன் வீட்டில் இருந்து போனை எடுத்திருந்தால் அந்தக் குடிகாரன் ரைக்கர்ஸ் தீவுக்குப் போயிருப்பான். 1976ல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் தார்மீக அதிர்ஷ்டம் என்ற விஷயத்தைக் கிளப்பினார்கள். ஒருவன் நல்லவனா கெட்டவனா என்பதே அவன் கையில் இல்லாத தற்செயல்களைப் பொறுத்திருக்கிறதே, அப்படியானால் பழியும் புகழும் என்னாவது என்பது அவர்கள் கவலை. அவர்கள் பேசியது செய்கிறவனுடைய அதிர்ஷ்டத்தை. கூண்டில் நிற்கிறவனுடைய அதிர்ஷ்டம் இன்னும் அப்பட்டமானது. அவன் எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதுதான் அவனுடைய விதி. நல்ல ஜட்ஜைப் பார்த்து நாம் நெகிழும்போது உண்மையில் ஒரு லாட்டரியைப் பார்த்து நெகிழ்கிறோம். நெகிழாமலும் இருக்க முடியவில்லை. இந்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கருணையை விதியாக்கினால் அது சலுகையாகி, சலுகை பாரமாகி, பாரம் பூர்த்தி செய்து கொடுக்க வேண்டிய படிவமாகிவிடுகிறது. விதியாக்காவிட்டால் லாட்டரி.

மூன்றாம் பருவத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. முதல் இரண்டு பருவங்களில் ஸெல்மா என்ற கோர்ட் சேவகியாக நடித்தவர் ஸெல்மா டயமண்ட். கரகரத்த குரல், வாயில் ஓயாத சிகரெட், எதைப் பார்த்தும் அசராத முகம். நடிகையாவதற்கு முன் ரேடியோவுக்கும் டெலிவிஷனுக்கும் ஹாஸ்யம் எழுதிப் பேர் வாங்கியவர். 1985 மே மாதம் புற்றுநோயில் இறந்துபோனார். செப்டம்பரில் மூன்றாம் பருவத்தின் முதல் பகுதி வந்தபோது தொடருக்கு முன்னால் ஒரு நிஜ மரணம் கிடந்தது. வேலையை விட்டுப் போய்விட்டாள், கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டாள் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். டெலிவிஷனில் அதுதான் வழக்கம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஸெல்மா செத்துப்போனாள் என்றே சொன்னார்கள். அவளோடு வேலை பார்த்த புல், அந்த ராட்சச உடம்புக்காரன், அவளுடைய சாவை ஏற்றுக்கொள்ள முடியாமல் தவிப்பதுதான் அந்தப் பகுதியின் விஷயம். அவளுடைய இடத்துக்கு இன்னொரு வயதான பெண், பிளாரன்ஸ், வருகிறாள். புல்லால் அவளைப் பார்க்க முடியவில்லை.

பெர்க்ஸன் 1900ல் வெளியான தன் நூலில், சிரிப்புக்கு இதயம் சற்று மரத்துப்போக வேண்டும், உணர்ச்சி வந்தால் சிரிப்பு போய்விடும் என்ற கருத்தை வைக்கிறார். இந்தப் பகுதியைப் பார்த்த பிறகு அது முழு உண்மை இல்லை என்று எனக்குப் படுகிறது. அரை நிமிஷத்துக்கு முன் சிரித்துக்கொண்டிருந்த அதே ஜனங்கள் புல்லின் முகத்தைப் பார்த்ததும் மௌனமாகிறார்கள். அந்த மௌனம் ஒலிநாடாவில் கேட்கிறது. இதயம் மரத்திருந்தால் இந்த மௌனம் வந்திராது. பேதைமையைப் பார்த்துச் சிரித்தவர்கள் அந்தப் பேதையை அதற்குள் நேசிக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதுதான் விஷயம். சிரிப்பு அவர்களை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, விலக்கவில்லை. பிளாரன்ஸாக நடித்த பிளாரன்ஸ் ஹாலப்பும் பருவம் முடிந்த இரண்டு மாதத்தில், 1986 ஜூலையில், புற்றுநோயால் இறந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கிறவனுக்கு அவர் வரும் ஒவ்வொரு காட்சியிலும் சிரிப்போடு வேறொன்றும் கலந்துவிடுகிறது. அன்றைக்குப் பார்த்தவர்களுக்கு இது கிடையாது.

இதைப் பார்த்து முடித்த இரவு எனக்கு ஒரு விபரீத எண்ணம் வந்தது. 22 பகுதிகளில் கூண்டில் வந்து நின்றவர்களை நினைவுபடுத்திப் பட்டியல் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பகுதிக்கு மூன்று நான்கு பேராவது வந்திருப்பார்கள். எத்தனை பேரை வேடிக்கை பார்த்துச் சிரித்திருக்கிறேன்! பத்துப் பேரைத் தாண்டவில்லை. அந்தப் பத்திலும் எனக்கு ஞாபகம் இருந்தது உடைகள்தான், முகங்கள் அல்ல. அதே சமயம் ஸெல்மா, பிளாரன்ஸ், குமாஸ்தா மாக், டான் எல்லோருடைய முகமும் வீட்டு மனிதர்களைப் போல எதிரே நிற்கிறது. புல்லின் துக்கத்துக்கு மௌனமானேனே, இந்த மனிதர்களில் ஒருவனுக்காவது மௌனமானேனா?

கோர்ட்டில் ஒரு மரத்தடுப்பு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் தினமும் வருகிறவர்கள். இந்தப் பக்கம் ஒருநாள் வருகிறவர்கள். ஜேம்ஸ் ஐஸன்ஸ்டைன், ஹெர்பர்ட் ஜேகப் என்ற இருவர் 1977ல் அமெரிக்கக் கிரிமினல் கோர்ட்டுகளைப் பற்றி எழுதிய நூலில், ஜட்ஜும் பிராசிக்யூட்டரும் எதிர்த்தரப்பு வக்கீலும் வெளியே சண்டைக்காரர்களாகத் தெரிந்தாலும் ஒரே பட்டறையில் வேலை செய்பவர்கள், தினசரி வேலையைச் சீக்கிரம் முடிப்பதில் எல்லோருக்கும் ஒரே அக்கறை என்று காட்டினார்கள். இப்போது 'பெரி மேஸன்' மாதிரியான கோர்ட் நாடகங்களை யோசித்துப் பாருங்கள். 1957லிருந்து 1966 வரை வாராவாரம் ஒரு நிரபராதியைக் காப்பாற்றிய தொடர். ஒரு மணி நேரமும் ஒரே குற்றவாளிக்கு. அவனுடைய உண்மை வெளியே வந்தே தீரும். அது கோர்ட்டைப் பற்றிய பக்திக் கதை. 'நைட் கோர்ட்' தெரிந்தோ தெரியாமலோ உண்மைக்கு நெருங்கி நிற்கிறது. கோர்ட் என்பது அங்கே வேலை பார்ப்பவர்களின் வீடு; கூண்டில் நிற்கிறவன் மூன்று நிமிஷ விருந்தாளி. ஹாஸ்யத் தொடர் என்ற வடிவத்துக்கு வேண்டியது அதே அறை, அதே ஆட்கள், வாராவாரம் புதிதாகச் சில வேடிக்கை மனிதர்கள். கீழ்க் கோர்ட்டுக்கு வேண்டியதும் அதுவே. வடிவமும் ஸ்தாபனமும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. ஆகவே எனக்கு அந்த முகங்கள் நினைவில் இல்லாதது என் மறதி மட்டும் அல்ல. அங்கே வேலை பார்க்கும் நல்ல மனிதர் ஒருவரைக் கேட்டாலும் அவருக்கும் நேற்று வந்தவர்களின் முகம் நினைவிருக்காது. அவர் கெட்டவர் இல்லை. ஹாரியைப் போலவே நல்லவராக இருக்கலாம்.

விதிவிலக்காக ஒரு குடும்பம் என் பட்டியலில் முகத்தோடு வந்தது. வீலர் குடும்பம். மேற்கு வர்ஜீனியாவிலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் பட்டிக்காட்டு ஏழைகள். பாப் வீலராக நடித்தவர் பிரென்ட் ஸ்பைனர், பின்னாளில் 'ஸ்டார் டிரெக்' தொடரில் உணர்ச்சியற்ற இயந்திர மனிதனாகப் பிரசித்தமானவர். வீலர்களுக்கு நேராத துரதிர்ஷ்டமே கிடையாது. அவர்கள் தங்கள் அவலங்களைச் சொல்லச் சொல்ல, அது ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நமக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிடுகிறோம். ஹாரி எதையாவது செய்து உதவப் பார்ப்பான். உதவியே இன்னொரு நாசத்தைக் கொண்டுவரும். மறுபடி கோர்ட்டில் வந்து நிற்பார்கள். கதவைத் திறந்துகொண்டு அவர்கள் உள்ளே வரும்போதே அரங்கம் கைதட்டுகிறது. பழைய சிநேகிதர்களைப் பார்த்த மாதிரி.

எனக்கு அவர்கள் முகம் நினைவிருப்பதற்குக் காரணம் அவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதுதான், வேறெதுவும் இல்லை. தடுப்புக்கு இந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தும், திரும்பத் திரும்ப வந்ததாலேயே மனிதர்களாகிவிட்டார்கள். முதல் தடவையைவிட இரண்டாம் தடவை, அதைவிட மூன்றாம் தடவை, நம் பிரியம் கூடுகிறது. சென்டர் தெரு நூறாம் எண்ணில் இது நேர் தலைகீழ். அங்கே திரும்பி வருகிறவனுக்கு முன்னால் அவனுடைய பழைய கேஸ்களின் காகிதம் வந்துவிடும். பிராசிக்யூட்டர் அதைத்தான் முதலில் படிப்பார். முதல் தடவை ஜாமீன் இல்லாமல் அனுப்பியவனை இரண்டாம் தடவை யோசித்து அனுப்புவார்கள்; மூன்றாம் தடவை அனுப்ப மாட்டார்கள். எந்தக் காரணத்தால் வீலர்களை நாங்கள் நேசித்தோமோ அதே காரணத்தால் அவர்கள் உள்ளே போயிருப்பார்கள்.

2023ல் இந்தத் தொடரை மீண்டும் தொடங்கினார்கள். ஹாரியின் மகள் ஜட்ஜாக உட்கார்ந்தாள். மூன்று பருவங்கள் நடந்து 2025ல் நின்றுவிட்டது. ஹாரி ஆண்டர்சன் 2018லும், மார்க்கி போஸ்ட் 2021லும் இறந்துவிட்டிருந்தார்கள். பழையவர்களில் வழக்கமாக வந்தவர் லாரக்கெட் ஒருவர்தான். டான் பீல்டிங் கிழவனாகி, மனைவியை இழந்து, எரிச்சலோடு திரும்பி வந்து, முதல் பருவத்தில் எதிர் மேஜையில் ஏழைகளுக்கு வாதாடும் வக்கீலாக நிற்கிறான். அழகான யோசனை. அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது ஒரு சின்ன விவரம். 1985-86 பருவத்தில் 'நைட் கோர்ட்' வியாழக்கிழமை இரவு 9.30க்கு வந்தது. 10 மணிக்கு அதே என்.பி.ஸி.யில் 'ஹில் ஸ்ட்ரீட் புளூஸ்'. பெயர் சொல்லப்படாத ஒரு நகரத்தின் போலீஸ் ஸ்டேஷன், அதே குடிகாரர்கள், அதே வேசிகள், அதே திருடர்கள், விலங்கு மாட்டி இழுத்து வரப்படுகிறார்கள். அதில் சிரிப்பொலி கிடையாது. வீடுகளில் அநேகம் பேர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இரண்டையும் பார்த்திருப்பார்கள். நடுவில் சில விளம்பரங்கள்.

சென்டர் தெருவில் இன்றும் இரவுக் கோர்ட்டின் கதவு பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகள் வருகிறார்கள். காசு செலவில்லாமல் பார்க்கக் கூடிய இடங்களில் அதுவும் ஒன்று என்று சொல்லி அனுப்புகிறார்கள். பார்வையாளர்களுக்கென்று மர பெஞ்சுகள். அவற்றில்தான் கைதானவர்களின் தாய்மார்களும் உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தக் கதவு வழியாக மகனைக் கொண்டுவருவார்கள் என்று பார்த்துக்கொண்டு. அவர்களுக்குத் தனி பெஞ்சு கிடையாது.